சம்பள பாக்கியும் காலண்டர் தாளும்

தம்பி, பாரிஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது, ரெஸ்டாரண்டில் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர்க் கோட்டு எங்கே மலிவு, ரூம் எங்கே கிடைக்கும் என்றும். அதெல்லாம் எப்படியோ கிடைக்கும், விடு.

நான் லீவில் புதுச்சேரியில், குருசுக்குப்பத்து வீட்டில் இருக்கிறேன். நேற்று பெரிய மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்று சொல்லி வைத்தேன்.

முதலாளி நம்ம ஊர்க்காரர் என்கிறாய். அங்கேதான் வினை. வெள்ளைக்காரன் தராவிட்டால் அடுத்த வாரமே சண்டைக்குப் போவோம். அண்ணன் என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் கேட்க வாய் வராது. அவரும் தோளில் தட்டி, "சாப்பிட்டியா தம்பி?" என்பார். சோறு சம்பளக் கணக்கில் சேராது.

கோபத்தில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். பாக்கியைக் கேட்டு ஒரு ரெகொமாந்தே, அதாவது பதிவுத் தபால் கடிதம் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்து. பதில் வராவிட்டால் நேரே ப்ருதோம், அதாவது வேலைத் தகராறு கோர்ட்டு. லா ஷாப்பேலுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகிறாயே, அங்கிருந்து நடக்கிற தூரம்தான், லூயி பிளாங்க் தெரு. வக்கீல் கட்டாயமில்லை. தீர்ப்புச் சொல்ல முதலாளி தரப்பிலும் தொழிலாளி தரப்பிலும் ஆள் உட்காருவார்கள். அவசரம் என்றால் ரெஃபரே மனு உண்டு. 3 ஆண்டு வரை பழைய பாக்கியைக் கேட்கலாம். கடை திவால் என்று கோர்ட்டே அறிவித்தாலும் பாக்கியைத் தர ஒரு காப்பு நிதி இருக்கிறது. பாப்பியே, அதாவது அங்கே தங்குவதற்கான பேப்பர் இல்லாதவனுக்கும் செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு. இது நம்ம பையன்களுக்குத் தெரியாது, முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும்.

சொல்தா வீட்டு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் குடும்பத்துப் பெரியவர்கள் சிலர், கேஸ் கீஸ் என்று போனால் நம்ம மானம் போகும் என்பார்கள். பிறக்கும்போதே பிரெஞ்சு நேஷனாலிட்டியோடு பிறந்தவர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும்விட, வேலை செய்த நேரத்தைத் தினமும் எழுதி வை. நீயே எழுதியதுதானே என்று கோர்ட்டில் தள்ளிவிட மாட்டார்கள், முதலாளி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் போனது 1998 டிசம்பர். வேலை பிளோன்ஜ், பாத்திரம் கழுவுவது. வெந்நீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அம்மா பெட்டியில் புது வருஷத் தினசரிக் காலண்டர் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார், பாரதி வீதி நகைக்கடை ஒன்றில் கொடுத்தது. கிழிக்கிற தாளை எறிய மனமில்லாமல் பின்பக்கத்தில் வந்த நேரம், போன நேரம் எழுதுவேன். ஊர் நினைப்பில் செய்தது, கேஸ் நினைப்பே கிடையாது. மூன்று மாதம் காசு வராமல், கூட வேலை செய்த அல்ஜீரியக்காரர்தான் என்னைத் தொழிற்சங்கத்துக்கு இழுத்துப் போனார்.

ப்ருதோமில் சமரசத்துக்குக் கூப்பிட்ட அன்று, தினம் நாலு மணி நேர வேலைதான் என்று சாதித்தார் முதலாளி. நான் ரப்பர் பேண்டு போட்ட காலண்டர் தாள் கட்டை மேசையில் வைத்தேன். சமரசம் பேச உட்கார்ந்திருந்த பெண்மணி ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். ராகு காலத்தைக் காட்டி, இதுவும் வேலை நேரமா என்று கேட்டார். 16,000 ஃபிராங்க் சொச்சம், அன்றைக்கே செக்.

அந்தக் கட்டு இந்த வீட்டு பீரோவில்தான் கிடக்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தேன். பொங்கல் தாளின் பின்னால் 'காலை 9, இரவு 1' என்று இருக்கிறது. அதன் கீழே, 'கரும்பு கிடைக்கவில்லை'.