சுவர் விளக்கில் கண்ணாடிக் கை மாட்டலாமா? எலக்ட்ரீஷியன் பதில்கள்

கேள்வி: வாஷ்பேசின் மேலே பித்தளை விளக்கு. அதன் தண்டில் கிளாம்ப் போட்டு, திருப்பும் கையோடு ஷேவிங் கண்ணாடி மாட்டினால் தாங்குமா?

பதில்: எடை பெரிதில்லை சார். 20 செ.மீ. விட்டம், 4 மி.மீ. தடிமன் என்றால் வெறும் கண்ணாடி 300 கிராம் சொச்சம். பிரேமும் கையும் சேர்த்து அரைக் கிலோ என்று வையுங்கள். சிக்கல் நீட்டுவதில்தான். 40 செ.மீ. வெளியே இழுத்தால், 10 செ.மீ.யில் 2 கிலோ தொங்கும் இழுப்பு. அதைத் தாங்குவது தண்டு இல்லை, சுவரில் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ. அதிலும் மேல் ஸ்க்ரூதான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். மெயினை அணைத்துவிட்டு பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகியிருக்கும் ராவல் பிளக் விரலோடு வந்தால் அது பூச்சில் மட்டும் நிற்கிறது; அந்த விளக்கில் துண்டுகூடக் காயப்போடாதீர்கள். செங்கல் வரை போகிற புது ஓட்டை போடுங்கள்.

இன்னொன்று. ஈரக்கையோடு அந்த உலோகத்தைத் தினமும் தொடப்போகிறீர்கள். எர்த் ஒயர் இல்லையென்றால் மாட்டவே வேண்டாம். கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இருக்கட்டும்.

கேள்வி: ஸ்விட்சை அணைத்தால் போதாதா?

பதில்: போதாது. கரண்ட் வரும் பேஸ் ஒயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்ட வீடுகள் உண்டு. விளக்கு அணையும், ஹோல்டரில் பேஸ் கரண்ட் அப்படியே இருக்கும். மெயின், மெயின்.

கேள்வி: ஒயரில் தொங்கும் ஹோல்டரில்?

பதில்: கூடாது. ஒயர் கரண்ட் கொண்டுவரத்தான், சுமை தூக்க அல்ல.

கேள்வி: நான் மணப்பெண் அலங்காரம் செய்பவள். மேலே விளக்கு இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறதே?

பதில்: விழத்தான் செய்யும் அக்கா. வெளிச்சம் படவேண்டியது முகத்தில், கண்ணாடியில் இல்லை. முக உயரத்தில் இரண்டு பக்கமும் விளக்கு வையுங்கள். வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின், அதாவது மஞ்சள் தூக்காத வெள்ளை; நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90க்கு மேல்.

கேள்வி: குண்டு பல்பில் பொட்டு வைத்த காலத்தில் யார் சிஆர்ஐ பார்த்தார்கள்?

பதில்: பார்க்கத் தேவையே இல்லை ஐயா. குண்டு பல்பின் சிஆர்ஐ கிட்டத்தட்ட 100. மலிவு எல்இடிதான் முகத்தைச் சாம்பலாக்கும்.

அலங்காரம் செய்பவர்: ஆனால் அது மஞ்சள் வெளிச்சம். அதில் போட்ட பவுண்டேஷன் மண்டபத்துக்குப் போனால் பல்லிளிக்கும்!

பதில்: 2700 கெல்வின், மஞ்சள்தான். மண்டபமே மஞ்சள் விளக்கென்றால்?

அலங்காரம் செய்பவர்: முகூர்த்தம் காலையில் தம்பி. வாசலில் வெயில்.

பதில்: சரி, நீங்கள் ஜெயித்தீர்கள். ஜன்னலோரம் உட்காரவையுங்கள். ஆனால் 5 மடங்கு காட்டும் குழிக்கண்ணாடியை மட்டும் அந்த ஜன்னலோரம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: கை தானாகக் கீழே இறங்குகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: விட்டால் இன்னும் வேகமாக இறங்கும். மூட்டில் நைலான் வாஷர் போட்டு நட்டை இறுக்குங்கள்.

கேள்வி: ஒயரில் தொங்கும் விளக்கில் மாட்டலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது சரவிளக்கு சார், கொக்கியில் தொங்குகிறது.

பதில்: கொக்கி தாங்கும். கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கும், நீங்களும் கூடவே ஆடிக்கொண்டு சவரம் செய்யுங்கள்.