சக்கரம் சுற்றுகிறது, கலப்பை நகரவில்லை!

கேள்வி: பல வருடமாகப் புல் மண்டிக் கிடக்கும் தரையில் காய்கறித் தோட்டம் போடப் போகிறேன். சின்னத் தோட்ட டிராக்டரும், மண்ணை வலப்பக்கம் புரட்டும் 10 அங்குல ஒற்றைக் கலப்பையும் இருக்கின்றன. கலப்பை கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இல்லாவிட்டால் கலப்பை மேலே வந்து புல்லைச் சீவிக்கொண்டு போகிறது. குதிரைத்திறன் அதிகமுள்ள வண்டியாக வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சக்கரம் சுற்றுகிறது என்றாலே எஞ்சினில் வலு இருக்கிறது, தரையில் பிடிதான் இல்லை. பெரிய எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்! பின்சக்கரங்களுக்கு எடை மாட்டி, டயரில் சங்கிலி சுற்றுங்கள். முன்பக்கம் தூக்கினால் அங்கேயும் கொஞ்சம் எடை வேண்டும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுடையது வெறும் புல்வெட்டும் வண்டி என்றால் அதன் கியர்ப்பெட்டி கலப்பை இழுக்கச் செய்யப்பட்டதல்ல, உழவுக்கு இறக்கவே வேண்டாம்.

'அகல உழுவதை விட ஆழ உழு' என்பார்கள். சரிதான், ஆனால் முதல் சாலுக்கு, அதாவது கலப்பை கீறும் முதல் பள்ளத்துக்கு, அது ஆகாது. கயிறு கட்டி நேராக, 3 அங்குலம் கீறினால் போதும். அடுத்த சாலிலிருந்து வலப்பக்கச் சக்கரங்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓட வேண்டும், அப்போது 5, 6 அங்குலம் வரை இறக்கலாம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் வண்டி வலப்பக்கம் சாய்கிறது, கூடவே கலப்பையும் சாய்ந்துவிடுவதால் மண் புரளாமல் பாதியில் நிமிர்ந்து நிற்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் உழப்போகும் ஆழத்துக்குச் சமமான உயரமுள்ள கட்டைகள் மேல் ஏற்றிவிட்டு, அந்தச் சாய்விலேயே கலப்பை நேராக நிற்கும்படி திருகி முடுக்கிக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

உழுவதற்கு முன் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். கலப்பைக்கு முன்னால் புல்வேரை அறுத்துக்கொடுக்கும் வட்டத்தகடு இருந்தால் இன்னும் சுலபம். மண்ணுக்குள் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று பார்க்காமல் இறங்காதீர்கள். அப்புறம் மண்ணின் பதம். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள், விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிபோல ஒட்டினால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள், ஈரத்தில் புரட்டிய களிமண் காய்ந்தபின் செங்கல்லாகிவிடும், அந்தக் கட்டியை உடைக்கிற பாடு சாதாரணமல்ல.

கேள்வி: உழுத கையோடு விதைக்கலாமா?

பதில்: கூடாது. கவிழ்ந்து கிடக்கும் புல் மட்க சில வாரங்களாவது விடுங்கள். பிறகு மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை மேலாக மட்டும் ஓட்டுங்கள். ஆழமாக ஓட்டினால் புதைத்த புல்லை நீங்களே மறுபடி மேலே கொண்டுவந்துவிடுவீர்கள்.