நூறு பேரோடு வானில் கைகோக்கப் போகிறேன் என்கிறான் மகன்: தடுப்பதா, விடுவதா?

கேள்வி: நாங்கள் மன்னார்குடியில் வசிக்கிறோம். மகனுக்கு 27 வயது, துபாயில் வேலை. பயிற்றுநரின் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்து ருசி கண்டவன், இப்போது தனியாகக் குதிக்கும் பயிற்சியில் சேர்ந்துவிட்டான். இரண்டு ஆண்டுக்குள் நூறு பேர் வானில் கைகோத்து வட்டம் போடும் அணியில் இடம்பிடிப்பேன் என்கிறான். வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்கு ஊருக்கு வரும்போது நம் வயலிலேயே வந்து இறங்குகிறேன் என்று வேறு சொல்கிறான். பாராசூட் திறக்காமல் போனால் என்ன ஆவது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, வயலை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய்-30 போர் விமானங்களின் அணி ஒன்று நிலைகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து வானில் ஒரு சிறு விமானத்தை ஏற்றி ஆட்களை உதிர்ப்பதற்கு எத்தனை மேசைகளில் அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிலமே இதற்கு ஏற்றதல்ல. மேட்டூர் திறந்து குறுவை, சம்பா என்று ஓடும் மாதங்களில் வயலில் தண்ணீர் நிற்கும். உற்சவம் வரும் பங்குனியில் தண்ணீர் வடிந்து உளுந்தும் பயறும் நின்றாலும், பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகளும் வரப்போரத் தென்னைகளும் பங்குனிக்காக விலகி நிற்கப்போவதில்லை. காற்று சற்றுத் தள்ளினால் பாமணியாறு, இன்னும் தள்ளினால் ஹரித்ரா நதித் தெப்பக்குளம். தண்ணீரில் விழுந்த பாராசூட்டின் கயிறுகள் நீச்சல் தெரிந்தவனையும் சுற்றிக்கொள்ளும். உற்சவத்தில் சுவாமிமேல் வெண்ணெய் வீசும் கூட்டத்துக்கு நடுவே இறங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஊருக்கு ரயிலிலேயே வரட்டும்.

இனி உங்கள் பயம். விமானப்படையில் பாராசூட் பயிற்சி கொடுத்த காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் என்னிடம் கேட்டது இதைத்தான். ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். முதலாவது சிக்கினால் அதை அறுத்துவிட்டு இரண்டாவதைத் திறக்கலாம். இரண்டையும் திறக்க முடியாமல் மயங்கியே போனாலும், உயரத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டிருக்கும் ஒரு சிறு கருவி, தரைக்கு ஏறக்குறைய 750 அடி மேலே தானாகவே இரண்டாவதைத் திறந்துவிடும். 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவி இதைப் பரவலாக்கியது. அமெரிக்காவில் 2023இல் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். அந்த நாட்டு பாராசூட் சங்கத்தின் விபத்து அறிக்கைகளைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழே, தரையை நெருங்கும்போது செய்த தவறான திருப்பத்தால் இறந்தவர்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஆகவே உங்கள் கவலையைச் சற்று இடம் மாற்றி வைக்கச் சொல்கிறேன். தனியாகக் குதிப்பவன் தன் தவறுக்கு மட்டும் அஞ்சினால் போதும். நூறு பேரோடு குதிப்பவன் மற்ற 99 பேரின் தவறுக்கும் அஞ்ச வேண்டும்.

வயிறு தரையைப் பார்க்க விழுபவர்கள் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார்கள். எல்லோரும் அதே வேகத்தில் விழுவதால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் அசையாமல் மிதப்பதுபோலத் தெரிவார். காதில் இரைச்சல் மட்டும் இருக்கும். கையைச் சற்று மடக்கினால் அருகே போகலாம், நீட்டினால் விலகலாம். எதிரே இருப்பவர் சிரிப்பதுகூடத் தெரியும். இதை ஒருமுறை அனுபவித்தவனிடம் ‘அதில் என்னடா இருக்கிறது’ என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் அந்த அசையாத தோற்றத்துக்குள் ஐந்தரை வினாடிக்கு ஆயிரம் அடி உயரம் கரைந்துகொண்டிருக்கிறது. 13,000 அடியில் குதித்தவனுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம்தான்.

பொதுவாக நூறு பேரை ஒரே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பல விமானங்கள் அணியாகப் பறக்கும். நடு வட்டத்துக்குரிய சிலர் முதலில் கோத்துக்கொள்வார்கள். கடைசியாகக் குதிப்பவர்கள் தலைகீழாகப் பாய்ந்து அவர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். திருவாரூர்த் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். நேரம் பார்த்து முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் சிலரே. இங்கேயும் பாய்வது எளிது, நிற்பது கடினம். வேகத்தைக் கொல்லாமல் வந்து மோதுபவன் தன் எலும்போடு நிறுத்த மாட்டான், வட்டத்தையே கலைப்பான். ஒருவருக்கு நேர் மேலே போய்விட்டாலோ, கீழே இருப்பவர் உடல் கலக்கிய காற்றில் தாங்குதல் இருக்காது; தொப்பென்று அவர் முதுகில் விழ நேரிடும். வட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டவனுக்கு விதி கண்டிப்பானது: அடியில் போகாதே, ஒதுங்கி நில். அவன் முதுகுப்பையின் ஊசி நழுவி பாராசூட் திறந்துகொண்டால், சட்டென்று வேகம் குறைந்த அவன்மேல் மற்றவர்கள் 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவார்கள்.

பெரிய வட்டங்களில் உலக சாதனை 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில் நடந்தது. 400 பேர், ஐந்து ஹெர்குலிஸ் விமானங்கள். அத்தனை பேரும் கோத்துக்கொள்ள நேரம் வேண்டும் என்பதற்காக 25,000 அடியை ஒட்டிய உயரத்திலிருந்து, ஆக்சிஜன் சுவாசித்தபடி போய்க் குதித்தார்கள். வட்டம் முழுமையாக நின்றது 4.25 வினாடி. அவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு வியப்பு அந்த 4.25 வினாடியில் இல்லை. அதன் பிறகு 400 பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் பிரிந்து இறங்கினார்களே, அதில்தான்.

சேர்வதைவிடப் பிரிவது கடினம். பாராசூட் திறக்க ஒவ்வொருவருக்கும் மேலும் கீழும் பக்கத்திலும் காலி வானம் வேண்டும். அதனால் வெளிவட்டம் முதலில் கைவிட்டுத் திரும்பி, கைகளை உடலோடு ஒட்டி அம்புபோல விலகிப் பாயும். அடுத்த வட்டம் சில வினாடி கழித்து, நடுவில் இருப்பவர்கள் கடைசியில். அணி பெரிதாகப் பெரிதாக இந்தப் பிரிவு இன்னும் உயரத்திலேயே தொடங்க வேண்டும். வட்டம் இன்னும் முழுமையாகவில்லை, இதோ கை எட்டிவிடும் என்ற ஆசையில் ஒருவன் இரண்டு வினாடி கூடுதலாகத் தங்கினால், பிறர் பாயும் பாதையில் அவன் நிற்பான். இரண்டு பாராசூட்டுகள் பின்னிக்கொண்டால் அந்தத் தானியங்கிக் கருவியும் உதவாது. வேகம் குறைந்துவிட்டதால் அது பேசாமல் இருந்துவிடும். திறந்த பிறகும் நூறு பாராசூட்டுகள் ஒரே திடலை நோக்கி வருகின்றன. இறங்கும் திசை முன்பே முடிவாகியிருக்கும். வித்தை காட்டித் திரும்புபவனை அடுத்த குதிப்புக்கு அழைக்க மாட்டார்கள், அழைக்கவும் கூடாது.

இரண்டு ஆண்டில் முடியுமா? அமெரிக்க முறையில் முதல் உரிமத்துக்கே 25 குதிப்புகள், உயர்ந்த நான்காவது உரிமத்துக்கு 500. நூறு பேர் அணிக்கு நடத்துபவர்கள்தான் அழைப்பார்கள். பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளும் சுற்றுலா அல்ல. சில நூறு குதிப்புகளும் நாலு பேர், எட்டு பேர், பதினாறு பேர் அணிகளில் பழகிய பெயரும் வேண்டும். வார விடுமுறையில் மட்டும் குதிப்பவனுக்கு இரண்டு ஆண்டு மிகக் குறைவு. கீழிருந்து காற்றை ஊதி மிதக்கவிடும் கூண்டுகள் துபாயில் இருக்கின்றன. அங்கே பயின்றால் உடல் சீக்கிரம் பழகும். பிரிந்து போகும் பழக்கம் மட்டும் அங்கே வராது. கூண்டில் விலக இடமேது?

தடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் குதிப்பான், அவ்வளவுதான். அதற்குப் பதில் சிலவற்றை அவனிடம் கேளுங்கள். கைமணிக்கட்டில் உயரமானி கட்டுவதோடு, காதில் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் வைக்கிறானா? இரண்டாவது பாராசூட்டை உரிமம் பெற்றவர் கடைசியாக எப்போது மடித்தார்? அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்து மடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, வட்டத்தில் சேராமலே திரும்பிய குதிப்பு எது என்று கேளுங்கள். ‘கீழே போய்விட்டேன், ஒதுங்கி நின்றேன்’ என்று கூச்சமில்லாமல் சொன்னால் அவன் சரியான ஆட்களிடம் கற்கிறான். எல்லாவற்றிலும் சேர்ந்துவிட்டேன் என்று பெருமை பேசினால், இன்னும் ஓராண்டு சிறிய அணியிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அவன் பெயரில் இருக்கும் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். விபத்துப் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு கிடையாது என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். இருந்தால் கூடுதல் பிரீமியத்தில் அதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.