ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை நோயாளிக்கு மருந்தாகக் கொடுப்பது உண்மையா? வீட்டில் செய்யலாமா?

கேள்வியில் இருந்தது இதுதான்: அம்மாவுக்கு நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், வீட்டுக்கு வந்ததும் பேதி பிடித்துக்கொண்டது, சி. டிஃப் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், நின்றது, இப்போது மறுபடி ஆரம்பித்துவிட்டது. வெளிநாட்டில் மலத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்களாமே, அது நிஜமா, தயிர், ப்ரோபயாடிக் எல்லாம் போதாதா, வீட்டிலேயே செய்துவிடலாமா?

நிஜம்தான். வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். தயிர் போதாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறவன், அதாவது நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொண்டுவந்து கொடுக்கிற அந்த டப்பாவைத் திறக்கிற ஆள். அதனால் மலம் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது.

முதலில் இந்தக் கிருமி. முழுப்பெயர் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், எல்லோரும் சி. டிஃப் என்றுதான் சொல்வார்கள். பச்சைக் குழந்தைகள் பலருடைய குடலில் இது சும்மா இருக்கும், ஒன்றும் செய்யாது. பெரியவர்கள் சிலரிடமும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் உள்ளே போய் மற்ற பாக்டீரியாக்களைக் காலி செய்த பிறகுதான் இது தலைதூக்கி, இரண்டு நச்சுகளைக் கக்கி, பெருங்குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. க்ளிண்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகையறா, செஃப் என்று ஆரம்பிக்கிற ஊசி மாத்திரைகள், இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

அது எப்படி மற்ற பாக்டீரியாக்கள் இருந்தால் அடங்கிக் கிடக்கிறது? இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போட்டி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பித்தம். கல்லீரல் சுரக்கும் பித்த உப்புகளில் பெரும்பகுதி சிறுகுடலின் கடைசியில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும், கொஞ்சம் மட்டும் பெருங்குடலுக்கு இறங்கும். அங்கிருக்கும் சில பாக்டீரியாக்கள் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். மாறாத பித்த உப்பு சி. டிஃபின் ஸ்போரை, அதாவது விதை மாதிரி கெட்டி ஓட்டுக்குள் தூங்குகிற வடிவத்தை, முளைக்கத் தூண்டும், மாற்றப்பட்ட பித்த உப்பு அதை வளரவிடாது. இந்த மாற்றும் வேலையைச் செய்கிறவர்களில் ஒருவர் க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ். பெயரைப் பார்த்தால் சி. டிஃபுக்கே சொந்தக்காரர் மாதிரி இருக்கும். 2015-ல் இந்த ஒரு பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தே சி. டிஃபை எதிர்க்கும் திறனைக் கூட்டிக் காட்டினார்கள். ஆன்டிபயாடிக் எடுத்தால் இவர்களும் சேர்ந்து போய்விடுகிறார்கள், முளைக்கத் தூண்டுகிற பித்த உப்பு மட்டும் மிஞ்சுகிறது.

இப்போது உங்கள் அம்மாவுக்கு ஏன் திரும்ப வந்தது என்பது புரிந்திருக்கும். சி. டிஃபுக்குக் கொடுக்கிற வான்கோமைசினும் ஒரு ஆன்டிபயாடிக்தானே. வெள்ளாமை இல்லாமல் போட்ட நிலத்தில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது என்று ஜேசிபி விட்டு வழிப்பதற்குச் சமம் அது. வழித்த அன்றைக்கு நிலம் சுத்தமாகத்தான் இருக்கும், விதை மண்ணுக்குள் கிடக்கும், வேறு எதையும் நீங்கள் விதைக்கவில்லை, அடுத்த மழைக்கு அதேதான் முளைக்கும். முதல் தடவை குணமானவர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. ஒருமுறை திரும்பியவர்களுக்கு மறுபடியும் திரும்புகிற வாய்ப்பு நாற்பது சதவீதத்துக்கு மேலேயே போகும்.

இங்கேதான் மலம் வருகிறது. 1958-லேயே அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவும் ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு குடல் அழற்சி வந்து சாகக் கிடந்த நான்கு பேருக்கு மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்து, நால்வரும் தேறியதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த மாதிரி நோய்க்கு சி. டிஃப்தான் காரணம் என்பதே 1978 வாக்கில்தான் தெரியவந்தது. கிருமி எது என்று தெரியாமலேயே, கெட்டுப்போனதைத் திருப்பி வைத்துப் பார்ப்போம் என்று செய்திருக்கிறார்கள். அப்புறம் வான்கோமைசின் வந்தது, எல்லோரும் இதை மறந்தார்கள்.

திரும்பக் கவனம் வந்தது 2013 ஜனவரியில். ஆம்ஸ்டர்டாமில் எல்ஸ் வான் நூட் குழுவினர் செய்த சோதனை. திரும்பத் திரும்ப வருகிற சி. டிஃப் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வான்கோமைசின் கொஞ்ச நாள், பிறகு குடலைக் கழுவி, மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை போகும் ட்யூபில் ஆரோக்கியமான ஒருவரின் மலக் கரைசல். அந்தப் பிரிவில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள், மிச்ச மூவருக்கு இன்னொருவரின் மலத்தைக் கொடுத்ததில் இரண்டு பேர் தேறினார்கள். ஆக 16-க்கு 15. வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான் குணம், வான்கோமைசினோடு குடலையும் கழுவிய 13 பேரில் 3 பேர். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் இப்படி ஒரு முடிவு அடிக்கடி பார்க்கக் கிடைக்காது.

அதன்பிறகு இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஓபன்பயோம் என்று ரத்த வங்கி போல ஒரு மல வங்கி 2012-ல் தொடங்கப்பட்டது, மலம் தருகிறவர்களுக்கு ஒரு தடவைக்கு 40 டாலர் கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலரே தேறினார்கள், அவ்வளவு பரிசோதனை. 2022 நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ரெபையோட்டா என்ற மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது, அது ஆசனவாய் வழியாக ஒரே தடவை செலுத்துவது. 2023 ஏப்ரலில் வௌஸ்ட் வந்தது, அது கேப்சூல், தினம் நான்கு வீதம் மூன்று நாள் விழுங்கினால் போதும். விலை ஒரு கோர்ஸுக்கு 17,500 டாலர் என்று வைத்தார்கள். படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

வௌஸ்ட் தயாரிக்கிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தானம் செய்தவரின் மலத்தை எத்தனாலில் போடுகிறார்கள், அதில் சாதாரண பாக்டீரியாக்கள் செத்துவிடும், ஸ்போர் உருவாக்குகிற வகைகள் மட்டும் பிழைக்கும், அந்த நல்ல ஸ்போர்களைத்தான் கேப்சூலில் அடைக்கிறார்கள். சி. டிஃப் வார்டில் சானிடைசரைத் தடவிவிட்டுப் போகாதே, சோப்புப் போட்டுக் கழுவு என்று எங்களைத் திட்டுவதும் இதே காரணத்துக்குத்தான், ஸ்போரை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. நோயைப் பரப்புகிற அதே குணம் மருந்து செய்யவும் உதவுகிறது. 2022-ல் வெளியான சோதனையில் எட்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது இந்தக் கேப்சூல் எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு, போலி மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு.

சரி, வீட்டில் ஏன் கூடாது? யூடியூபில் மிக்ஸி வைத்துச் செய்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்த்தேன், அந்த மிக்ஸியை நினைத்துத்தான் முதலில் கவலைப்பட்டேன். 2019 ஜூனில் எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டது. ஒரே நபரின் மலத்தைப் பெற்ற இரண்டு நோயாளிகளுக்கு ஈஎஸ்பிஎல் வகை இ. கோலி, அதாவது பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத இ. கோலி, ரத்தத்தில் ஏறிவிட்டது, அதில் ஒருவர் இறந்துபோனார். தானம் கொடுத்தவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தக் கிருமி இருக்கிறதா என்று அந்த மலத்தைச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. இறந்தவர் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளி.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் போய் அஸித்ரோமைசின் ஒரு பட்டை கொடுங்கள் என்று வாங்கிச் சாப்பிடுகிற ஊர் இது. ஒரு வியாதியும் இல்லாமல் நன்றாக நடமாடுகிறவர்களின் குடலிலேயே ஈஎஸ்பிஎல் கிருமிகள் சர்வசாதாரணமாக இருக்கின்றன. உங்கள் அண்ணன் ஜிம்முக்குப் போகிறவர், நல்ல உடம்பு என்பதெல்லாம் இங்கே தகுதியே ஆகாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், புழு, அமீபா, பல மருந்துக்கு அடங்காத கிருமிகள், எல்லாவற்றுக்கும் சோதனை செய்து தேறினால்தான் தானம். இந்தியாவில் இந்தச் சிகிச்சையைப் பெரிய அளவில் செய்யப் போனால் பணத்தைவிட, தகுதியான ஆளைப் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருக்கும் என்பது என் எண்ணம்.

தயிர், ப்ரோபயாடிக் பற்றி. தயிர் நல்ல உணவு, அம்மாவுக்குப் பிடித்து, ஒத்துக்கொண்டால் கொடுங்கள். ஆனால் ஆரோக்கியமான பெருங்குடலில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கும், அதில் பெரும்பாலானவை காற்றுப் பட்டாலே சாகிறவை, தயிரிலோ மருந்துக்கடைச் சாஷேயிலோ இருக்கிற லாக்டோபேசில்லஸ் இவற்றுக்குப் பதிலாக நிற்க முடியாது. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஆன்டிபயாடிக் எடுத்து முடித்த ஆரோக்கியமானவர்களில் சிலருக்கு ப்ரோபயாடிக், சிலருக்கு முன்பே எடுத்துவைத்த அவர்களுடைய சொந்த மலம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. சொந்த மலம் பெற்றவர்கள் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தார்கள். ப்ரோபயாடிக் எடுத்தவர்கள் ஒன்றுமே எடுக்காதவர்களைவிடத் தாமதமாக வந்தார்கள்! சின்ன ஆய்வு என்பதால் இதையே வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் ஆன்டிபயாடிக்கோடு கண்ணை மூடிக்கொண்டு ஒரு ப்ரோபயாடிக் எழுதுகிற வழக்கத்தை யோசிக்க வைக்கிறது. அதற்காக ப்ரோபயாடிக் எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. ஒடிசா கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பச்சைக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் வகையை அதற்குத் தேவையான உணவோடு சேர்த்து ஒரு வாரம் கொடுத்ததில், செப்சிஸ் (கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பாதிக்கும் ஆபத்தான நிலை) அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது, 2017-ல் வெளிவந்தது. எந்த வகை, யாருக்கு, எந்த நோய்க்கு என்று பார்க்காமல் ப்ரோபயாடிக் என்று பொதுவாகப் பேசுவதில்தான் சிக்கல்.

மல மாற்று சிகிச்சைக்கும் அதே நிலைதான். சி. டிஃபுக்கு இது இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், அந்த நோயே காலியான இடத்தால் வருகிற நோய். பெருங்குடலில் நாள்பட்ட புண் வருகிற அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு முயன்றபோது கதை மாறியது. 2015-ல் இரண்டு சோதனைகள் வந்தன, கனடாவில் பலன் இருந்தது, நெதர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கனடா சோதனையில் நோய் தணிந்த 9 பேரில் 7 பேருக்கு ஒரே ஆளின் மலம் போயிருந்தது, அவரிடம் அப்படி என்ன விசேஷம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இங்கே லூதியானாவிலும் டெல்லி எய்ம்ஸிலும் இந்த நோய்க்கு முயன்று நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். உடல் எடை, சர்க்கரை, ஆட்டிசம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கே டப்பா அனுப்பி மலத்தை வாங்கி, உங்கள் குடல் பாக்டீரியாவுக்கு மார்க் போட்டு, கூடவே அவர்களே ஒரு பொடியும் விற்கிற கம்பெனிகளும் இதில் சேர்த்தி.

சாதாரண பேதி, காலரா, டைஃபாய்டு இவற்றுக்கெல்லாம் இந்தச் சிகிச்சை கிடையாது. கெட்ட தண்ணீரால் வந்த பேதிக்கு ஓஆர்எஸ்தான் முதல் மருந்து.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி பேதி என்றால் மறுபடி சி. டிஃப்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், அது ஓய்ந்த பிறகும் சில வாரம் குடல் சரியாகாமல் வயிறு போவது உண்டு. நச்சு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையைக் கேளுங்கள். கிருமியின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் மட்டும் செய்தால் கிருமி சும்மா உட்கார்ந்திருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். டப்பாவின் வடிவத்துக்கு வழிகிற மலமாக இருந்தால்தான் நாங்களே சோதனைக்கு எடுப்போம், உருண்டையாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். பேதியை நிறுத்த லோபெரமைடு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இப்போது எடுத்துக்கொண்டிருக்கிற மற்ற ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்க வெறும் வயிற்றில் போடுகிற பாண்டோப்ரசோல், இவை இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். வான்கோமைசின் இந்த நோய்க்கு வாய் வழியாகப் போக வேண்டும், நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது. ஊசி மருந்துப் பொடியையே கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம், அது சரியான முறைதான். இரண்டாம் தடவை என்றால் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பல வாரம் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகும் திரும்பினால்தான் மல மாற்று சிகிச்சை பற்றிய பேச்சே. அந்த நிலை வந்தால் அதைச் செய்கிற பெரிய ஆஸ்பத்திரியின் குடல் மருத்துவரிடம் போய், தானம் தருகிறவரை ஈஎஸ்பிஎல்லுக்குச் சோதித்தீர்களா என்று நேராகவே கேளுங்கள், கேட்டால் தப்பில்லை.

வீட்டில் அம்மாவுக்கு முடிந்தால் தனி பாத்ரூம் கொடுங்கள். கழுவ ப்ளீச்சிங் பவுடர் கரைசல், சாதாரண ஃபினாயில் ஸ்போரைக் கொல்லாது. பேதியோடு காய்ச்சலும் வந்து வயிறு உப்பி, பேதி திடீரென்று நின்றுபோனால் சந்தோஷப்படாமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.