கோட்டையில் ஒரே நாள், லண்டனில் மாதக்கணக்கு: சட்டம் இயற்றுவதில் ஏன் இந்த வித்தியாசம்?

நம் பேரவையில் ஒரே நாளில் நிறைவேறும் மசோதா பிரிட்டனில் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையேடுகளில் எல்லா நாட்டுக்கும் 'மூன்று வாசிப்பு' (மசோதா அவையில் கடக்கும் மூன்று கட்டங்கள்) என்று ஒரே பட்டியல்தான் இருக்கும். அதை வைத்து எதுவும் பிடிபடாது. மசோதாவின் பொது நோக்கத்தை விவாதிக்கும் இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் அது எங்கே போகிறது என்று பாருங்கள்.

பிரிட்டனின் காமன்ஸ் அவையில் (மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவை) அது பெரும்பாலும் ஒரு குழுவுக்குப் போகிறது. 2006 முதல் அந்தக் குழு தொழிற்சங்கத்தார், முதலாளிகள், வல்லுநர்களை அழைத்து விசாரிக்கலாம். பிறகு ஒவ்வொரு கூறாக எடுத்துத் திருத்துவார்கள். மறுபடி முழு அவை, அதன்பின் மேலவையான பிரபுக்கள் அவையில் இன்னொரு சுற்று.

நம் பேரவை விதிகளிலும் மசோதாவை ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக்குழு உண்டு, அனுப்புவதுதான் அபூர்வம். அமைச்சர் சட்டமுன்வடிவை, அதாவது மசோதாவை, ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கோருவார், கூறுகள் வரிசையாக வாக்குக்கு வரும், 'ஏற்போர் ஆம் என்க', முடிந்தது. 1986-ல் மேலவையும் ஒழிக்கப்பட்டதால் இரண்டாவதாகப் பார்க்க ஆளில்லை. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று திரும்பப் பெறும் அறிவிப்பு. தொழிற்சங்கங்களை முன்பே குழுவில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இதெல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது கொறடா, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்கு ஆணையிடுபவர். 2005 நவம்பரில் பயங்கரவாதச் சந்தேக நபர்களை 90 நாள் காவலில் வைக்கும் பிரிவை பிரிட்டனில் பிரதமர் டோனி பிளேரின் அரசு கொண்டுவந்தது. ஆளுங்கட்சியினர் 49 பேர் எதிர்த்து வாக்களிக்க, 322-க்கு 291 என்று அரசு தோற்றது. அதற்காக ஒருவர் பதவியும் பறிபோகவில்லை. இங்கே 1985-ல் அரசமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கட்சியின் ஆணையை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவிக்கே ஆபத்து. பிறகு யார் கூறு கூறாகப் படித்து எதிர்ப்பார்கள்?

'அப்படியானால் கட்சித் தாவலுக்கு வக்காலத்தா?' என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. ஆட்சி கவிழும் வாக்கெடுப்புகளில் தடை இருக்கட்டும். கொறடாவின் கட்டுப்பாட்டை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிறுத்தச் சொன்னது 1990-ல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு. வேகமே தப்பு என்றும் சொல்லவில்லை. அமெரிக்க செனட்டில் பல மசோதாக்கள் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்கு கிடைக்காமலே செத்துப்போகின்றன. அதை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு ஆறாத ஆதங்கம். அவை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தரும் கட்டம் அது. அமெரிக்க அதிபருக்கு ஞாயிறு நீங்கலாகப் 10 நாள் கெடு. அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடியிருக்கும்போது அவர் கையெழுத்திடாவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும். பிரிட்டனில் அரச ஒப்புதல் கடைசியாக மறுக்கப்பட்டது 1708-ல். நம் அரசமைப்பின் 200-வது பிரிவில் ஆளுநருக்கு நாள் கணக்கே இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதிக் கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டது. கெடு வேண்டுமென்றால் இனி நாடாளுமன்றம்தான் அந்தப் பிரிவைத் திருத்த வேண்டும்.