அவுட்போர்டு எஞ்சினில் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே சத்தத்தைக் கேட்டுப் புது மோட்டார் வாங்கிய ஆள் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. முட்டத்தில் ஒரு பைபர் வள்ளம், அதில் பட்டன் ஸ்டார்ட் எஞ்சின். 'உனக்கு எதுக்குலே பட்டன், கயிறு போதாதா' என்று கேட்கிறவர்கள் ஊரில் உண்டு. தோள்பட்டை போனவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஒரு ஆடி மாதம், கடியபட்டணத்துக்கு நேரே, வலையை ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினால் டிக், டிக். மேல்மூடியைக் கழற்றி, பிளைவீல் சக்கரத்தில் கயிறு சுற்றி, மச்சான் இழுத்த இழுப்பில் ஒருவழியாகக் கரை சேர்ந்தோம். எஞ்சின் பார்க்கும் தம்பி காதால் கேட்டுவிட்டு, 'மோட்டார் போச்சு அண்ணே' என்றான். வாங்கி மாட்டினோம். அழுத்தினேன். டிக்.

அப்புறம்தான் குளச்சலிலிருந்து ஒரு மாமாவை அழைத்து வந்தேன். கையில் ஒரு மல்டிமீட்டர் மட்டும். பேட்டரி 12.6 வோல்ட் இருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து, 'அழுத்து மக்கா' என்றார். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய இடத்தில் 7 வோல்ட்! பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிளின் முனையில் உறையைக் கீறினால் உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைப் பொடி. உப்புக்காற்றின் வேலை. மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சோலினாய்டு டிக்கென்று இழுக்கக் கொஞ்சம் கரண்ட் போதும். மோட்டார் கேட்பது அதைப்போலப் பல மடங்கு, அது அந்தப் பொடியைத் தாண்டி வரவில்லை. பிளஸ் பக்கமும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: பேட்டரி பிளஸிலிருந்து மோட்டாரின் தடித்த போல்ட் வரை.

கழற்றிப் போட்ட பழைய மோட்டாரையும் மாமா பிரித்தார். சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டான பிரஷ் பாதிக்கு மேல் இருந்தது. பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் படிந்த கரித்தூளை மெல்லிய சாண்ட் பேப்பரால் துடைத்தார். எமரி கூடாது, அதன் தூள் கரண்டைக் கடத்துமாம். கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே மீட்டர் 'பீப்' அடித்தால் ஆர்மேச்சர், அதாவது சுற்றும் கம்பிச்சுருள், காலி. அடிக்கவில்லை. பிளைவீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் ஏறி இறங்கும் மரையில் துளி எண்ணெய் மட்டும் விட்டார். கிரீஸ் அப்பினால் மண் ஒட்டிப் பினியன் பாதியில் நின்றுவிடும். கடைசியில் வைஸில் இறுக்கி, ஜம்பர் கேபிளில் இரண்டு நொடி ஓட்டினார். இறுக்காமல் ஓட்டினால் மோட்டார் கையைவிட்டுத் துள்ளிவிடும்.

நீங்கள் மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸை எடுத்துவிடுங்கள். எஞ்சினில் வைத்துச் சோதித்தால் ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம், சூடேறும். பெரிய எஞ்சின்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் சொல்வது என் எஞ்சினில் பார்த்தது.

'கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால் இது வந்திருக்காதே' என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். ஐயா, எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கால் மணி நேரம். அந்த வரிசையில் நான் எஞ்சினுக்கு என்று குடத்தை வைத்தால் எதிர் வீட்டு அத்தை குடத்தை அல்ல, என்னைத்தான் எடுத்து வீசுவாள். இதைப் பற்றி மனு கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. கேபிள் முனைக்கு மாதம் ஒருமுறை வாசலின் தடவுகிறேன், என்னால் முடிந்தது அவ்வளவு.

மின்சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். கேபிளை மாற்றியதும் பழைய மோட்டாரையே மாட்டினேன், இன்றைக்கும் அதுதான் சுற்றுகிறது. புதியது பாலிதீனில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுக்காரி பெருக்கும்போதெல்லாம் அதன் விலையை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் நகர்த்துகிறாள்.