நாலு நாள் அறையில் இருந்தவர்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): சூரிச்சில் இருக்கிறோம். பிள்ளைகளின் அக்டோபர் விடுமுறைக்கு மாமாவையும் (கணவரின் அப்பா) கூட்டிக்கொண்டு, ஐந்து சிறு ஊர்கள் சேர்ந்த இத்தாலியின் சிங்க்வே தெர்ரே கடற்கரைக்கு ஐந்து நாள் போனோம். மொந்தரோசோவில் அறை. ஒரு நாள் முழுக்க மழை. படகு ஓடவில்லை, மலைப்பாதையையும் மூடிவிட்டார்கள். ரயிலிலாவது எங்காவது போகலாம் என்றால் கணவர் அசையவில்லை. மாமாவோடும் பிள்ளைகளோடும் இரவு வரை 304 சீட்டாட்டம் விளையாடினார், நடுவில் தூங்கினார். மாமாவுக்கு முழங்கால் வலி. மற்ற நாட்களில் சாப்பாடு வாங்கி வைத்துவிட்டுப் போனோம், அவர் அறையிலேயே இருந்துவிட்டார். இவ்வளவு செலவு செய்து போய் ஒரு நாள் வீணாகிவிட்டதே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தங்கச்சி, விடுமுறைக்குப் போய்ச் சண்டையோடு திரும்பியவர்களின் கடிதங்கள் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. அறை வாடகை, ரயில் செலவு, கணவரின் சோம்பல் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். மாமாவை அறையில் விட்டுவிட்டுப் போனதைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

'அறையிலேயே இருந்துவிட்டார்' என்கிறீர்கள், அவரே ஆசைப்பட்டு இருந்ததுபோல. நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்கள். வெயிலடித்த நாலு நாளும், பாஷை தெரியாத ஊரில், 74 வயது மனிதர், மூடிவைத்த சாப்பாட்டுக்கு முன்னால். வல்வெட்டித்துறைக்காரர் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கடலோரத்தில் பிறந்தவரைக் கடலோரத்துக்குக் கூட்டிப் போய் அறைக்குள் வைத்திருக்கிறீர்கள்.

முழங்கால் வலியைக் காரணம் சொல்லாதீர்கள். அந்த ஐந்து ஊர்களில் மொந்தரோசோதான் சமதளமானது, பெரிய மணல்கரையும் அங்கேதான். ரயிலடிப் பக்கத்திலிருந்து பழைய ஊருக்குக் கடலோரமாகவே நடந்து, ஒரு சுரங்க வழியாகப் போய்விடலாம். அடுத்த ஊர் லெவாந்தோ. அங்கிருந்து பொனசோலா வழியாக ஃபிரமூரா வரை பழைய ரயில்பாதையைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ரயில் ஓடிய பாதை, செங்குத்தான ஏற்றம் கிடையாது. கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்தி, கடலைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருக்கலாம். நீங்கள் திட்டம் போட்டதோ அந்த ஐந்தில் குன்றின் மேல் இருக்கும் கோர்னிலியாவுக்கு. ரயிலடியிலிருந்து ஊருக்குள் போக 350-க்கும் மேற்பட்ட படிகள்!

மழை நாளில் உங்கள் கணவர் அசையாமல் இருந்ததும் சரிதான். கோடை முழுக்கச் சூடேறிய கடல், கரையை ஒட்டியே எழும் மலை. ஈரக்காற்று அதில் மோதி அங்கேயே கொட்டிவிடும். 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேர மழையில் மொந்தரோசோவும் அந்த ஐந்தில் இன்னொன்றான வெர்னாத்சாவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. அந்த ஊர்க்காரர்கள் பாதையை மூடினால் வீட்டுக்குள் இருப்பதுதான் புத்தி.

அப்புறம், மகள் குடையோடு ஓடிப்போய் ஃபரினாத்தா வாங்கிவந்து மெத்தை விரிப்பெல்லாம் எண்ணெய் ஆக்கினாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். கடலை மாவைக் கரைத்து, ஒலிவ எண்ணெய் விட்டு, அகலமான செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடும் பண்டம். கடலை மாவின் வாசம் மாமாவுக்குப் புதிதா? அதைப் பிய்த்துத் தின்றுகொண்டு, விரலைத் துடைத்துத் துடைத்துச் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று பதினொரு வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எப்போது துரும்பு இறக்க வேண்டும் என்று கண்ணைக் காட்டியது யார்? ஐப்பசி மழை, ஜன்னலுக்கு வெளியே கடல், கையில் எட்டுச் சீட்டு, இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். அந்த ஐந்து நாளில் அவருக்குக் கிடைத்த விடுமுறை அந்த ஒரு நாள்தான். அதைத்தான் வீண் என்கிறீர்கள்.

வயதானவரைக் கூட்டிப் போனால் அவரால் நடக்கக்கூடிய தூரம்தான் குடும்பத்தின் தூரம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முழு நாளும் முடியாவிட்டால் அரை நாளாவது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டாவது. உங்கள் கணவரையும் நான் விடமாட்டேன். மழை வராமல் இருந்திருந்தால் ஐந்தாவது நாளும் அப்பாவை விட்டுவிட்டு உங்களோடு படியேறியிருப்பார். அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கணவருக்குப் புரியவைக்கும் வேலை அவ்வளவுதான். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த நாலு நாளும் அறைக்குள் என்ன செய்தீர்கள் மாமா என்று கேளுங்கள். 'ஒன்றுமில்லை பிள்ளை, சும்மா இருந்தேன்' என்றுதான் முதலில் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.